இரண்டாம் பாகத்தில் கதாநாயகன் எங்கே?

"முதல் பாகம் படிச்சுட்டேன். ரெண்டாவதை விட்டுட்டு நேரா மூணாவதுக்குப் போகலாமா?" ஃபேன்டசி தொடர் படிக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பெரியவர்களும் கேட்கிறார்கள், கொஞ்சம் தயங்கிக்கொண்டு. இரண்டாம் பாகத்தில் பத்திருபது பக்கம் போனதுமே அவர்களுக்கு ஏமாற்றம் வந்துவிடுகிறது. போன புத்தகத்தில் பழகியவர்களைக் காணோம். கதை வேறு எங்கோ போகிறது. சாகசம் எப்போது தொடங்கும் என்றே தெரியவில்லை. டீ போட்டு வைத்திருக்கிறேன், உட்காருங்கள். "தாண்டாதே" என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம்தான். ஏன் தாண்டக் கூடாது என்று சொல்லத்தான் நேரம் வேண்டும்.

மூன்று பாகத் தொடர் என்று வைத்துக்கொள்வோம். முதல் பாகத்துக்குப் புதுமையின் பலம் உண்டு. உலகம் புதிது, மந்திரம் புதிது, அங்கே எது செல்லும் எது செல்லாது என்று தெரிந்துகொள்வதிலேயே பாதி சுவாரசியம் இருக்கிறது. கடைசிப் பாகத்துக்கு முடிவின் பலம். முடிச்சுகள் அவிழப் போகின்றன என்ற எதிர்பார்ப்பே வாசகரை இழுத்துக்கொண்டு போய்விடும். நடுப் பாகத்துக்கு இரண்டும் இல்லை. அதனால் பலர் சுலப வழிகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். வில்லனை மட்டும் பெரிதாக்கி முதல் கதையையே இன்னொரு முறை சொல்வார்கள். அல்லது, கடைசிப் பாகம் தொடங்க வேண்டிய இடம் வரைக்கும் ஆட்களை நடத்திக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அப்படி எழுதப்பட்ட நடுப் பாகத்தைத் தாண்டினால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை.

'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' தொடரின் 'தி டூ டவர்ஸ்' கூட நடுப் பாகம்தானே என்று கேட்கலாம். அதை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. டோல்கீன் எழுதியது ஒரே நாவல். போருக்குப் பிந்தைய பிரிட்டனின் அச்சுச் செலவை நினைத்துப் பதிப்பகம் அதை மூன்றாகப் பிரித்து 1954, 1955 ஆண்டுகளில் வெளியிட்டது. நான் சொல்ல வருவது வேறு வகை. முதல் கதை முடிந்து, அதன் கணக்கெல்லாம் தீர்ந்த பிறகு, எழுத்தாளர் மறுபடி உட்கார்ந்து புதிதாக எழுதும் நடுப் பாகம்.

அதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம், அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவின் 1971-இல் புத்தகமாக வெளியிட்ட 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்'. அட்டுவான் என்ற தீவின் கல்லறைகளைப் பற்றிய கதை. எர்த்ஸீ என்ற கற்பனைத் தீவுக்கூட்டத்தில் நடக்கும் மூன்று நாவல்களில் இது நடுவிலுள்ளது. முதலாவது 1968-இல் வந்த 'எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ'. மூன்றாவது 1972-இல் வந்த 'தி ஃபார்தஸ்ட் ஷோர்'. பிற்காலத்தில் அவர் இதே உலகத்தை வைத்து இன்னும் எழுதினார். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் பாகத்தைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால்தான் இரண்டாவது செய்யும் வேலை புரியும். கோன்ட் என்ற மலைத்தீவில் ஆடு மேய்க்கும் ஒரு பையன், கெட். பன்னிரண்டு வயதில் அவனுடைய ஊரைக் கார்க் இன வீரர்கள் தாக்க வருகிறார்கள். வெள்ளைத்தோல்காரர்கள், கொள்ளையும் கொலையுமாக ஊர் ஊராக எரித்துக்கொண்டு வருகிறவர்கள். பையன் தனக்குத் தெரிந்த அரைகுறை மந்திரத்தால் மூடுபனியை வரவழைத்து ஊரைக் காப்பாற்றுகிறான். பிறகு ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் சேர்கிறான். அகம்பாவத்தில், செத்தவர்களின் ஆவியை எழுப்பப் போய் ஒரு கரிய நிழலை உலகத்தில் அவிழ்த்துவிட்டு, அதற்கு அஞ்சி ஓடி, கடைசியில் திரும்பி நின்று அதையே துரத்துகிறான். முடிவு திருப்தியான முடிவு. படித்து வைத்ததும் ஒரு விஷயம் நமக்கு உறுதியாகிவிடுகிறது: கெட் நம்ம ஆள். கார்க் ஆட்கள் யார் என்றால், முதல் அத்தியாயத்தில் வந்து வீடுகளுக்குத் தீ வைத்தவர்கள். அவர்களைப் பற்றி அதற்கு மேல் தெரிந்துகொள்ள நமக்குத் தோன்றுவதே இல்லை.

சரி, இரண்டாம் பாகத்தைத் திறக்கிறோம். கெட் எங்கே? இல்லை. மந்திரப் பள்ளி? இல்லை. படகு, டிராகன்? இல்லை. ஒரு பள்ளத்தாக்கில் ஆப்பிள் மரங்கள் பூத்திருக்கின்றன. பொழுது சாய்கிறது. டெனார் என்று பேர் சொல்லித் தன் சின்ன மகளை வீட்டுக்குக் கூப்பிடுகிறாள் ஒரு அம்மா. வாசற்படியில் அப்பா நிற்கிறார். இன்னும் ஒரு மாதத்தில் அந்தக் குழந்தையை வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள், அவள்மேல் பாசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று மனைவியைக் கேட்கிறார். இந்தக் குடும்பம் எந்த ஊர்க் குடும்பம் என்று பார்த்தால், கார்க் நாட்டுக் குடும்பம். போன புத்தகத்தில் தீ வைத்தவர்களின் நாடு.

நல்ல நடுப் பாகம் செய்யும் காரியம் இதுதான். முதல் பாகம் வாசகர் மனசில் ஒரு உறுதியை ஏற்படுத்தி வைத்திருக்கிறது. எதிரி யார், நம்மவர் யார், எந்தப் பக்கம் வெளிச்சம், எந்தப் பக்கம் இருட்டு என்றெல்லாம். நடுப் பாகம் அந்த உறுதியைக் கையில் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. கதை முன்னால் நகராதது போலத் தோன்றுவதற்குக் காரணம், அது பக்கவாட்டில் நகர்வதுதான். முதல் பாகத்தில் இதைச் செய்ய முடியாது, ஏனென்றால் கலைக்க அங்கே எதுவும் இன்னும் உருவாகவில்லை. கடைசிப் பாகத்திலும் முடியாது, அங்கே முடிக்க வேண்டிய வேலை நெருக்கும். நடுவில் மட்டும்தான் இதற்கு இடம் இருக்கிறது.

இந்த வேலையை லெ குவின் எப்படிச் செய்கிறார் என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

அட்டுவான் தீவின் பாலைவனத்தில் ஒரு கோவில் வளாகம். குன்றின்மேல் ஒன்பது கற்கள் நிற்கின்றன. அவற்றுக்கு அடியில் பேரில்லாத, மிகப் பழைய இருட்டுச் சக்திகள் குடியிருப்பதாக நம்பிக்கை. அந்தச் சக்திகளின் தலைமைப் பூசாரிணி இறந்த அதே இரவில் பிறந்த பெண் குழந்தை, அவளுடைய மறுபிறவி. அப்படித்தான் டெனாரைக் கண்டுபிடித்து ஐந்து வயதில் அழைத்து வருகிறார்கள். ஆறு வயதில் சடங்கு நடக்கிறது. முகமூடி போட்ட ஒருவன் அவள் கழுத்துக்கு நேராக வாளை ஓங்குகிறான். கருப்பு உடுத்த ஒருவர் குறுக்கே வந்து நிறுத்துகிறார். அதோடு அவள் பேர் போய்விடுகிறது. இனி அவள் ஆர்ஹா, அதாவது விழுங்கப்பட்டவள். அந்த இடத்தில் பெண்களும் அலிகளும் மட்டும்தான் இருக்கலாம். அவளைப் பார்த்துக்கொள்ளும் மானான் அவர்களில் ஒருவன். அந்தக் குழந்தையின்மேல் அங்கே உண்மையான பிரியம் வைத்திருக்கும் ஒரே ஆள் அவன்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

லெ குவினின் அப்பா ஆல்ஃப்ரெட் க்ரோபர், அமெரிக்காவின் முக்கியமான மானுடவியல் அறிஞர்களில் ஒருவர். அம்மா தியோடோரா க்ரோபரும் எழுத்தாளர். இஷி என்ற யாஹி இனத்தின் கடைசி மனிதரைப் பற்றி அவர் எழுதிய நூல் 1961-இல் வந்தது. சடங்குகளையும் தொன்மங்களையும் வாழும் மனிதர்களின் விஷயமாகப் பேசிய வீட்டில் வளர்ந்த பெண் எழுதிய கதை இது. கோவில் என்றால் மர்மம், புகை, மணியோசை என்று பூசி மெழுகுவதில்லை அவர். பயறும் வெங்காயமும் விளைவிப்பது, நூல் நூற்பது, குளிர்காலத்தில் விறகுக்குத் தட்டுப்பாடு, பெரிய பூசாரிணிகளுக்குள் அதிகாரப் போட்டி, சலிப்பு. குறிப்பாகச் சலிப்பு. ஆண்டுக்கணக்கில் ஒன்றுமே நடக்காத ஒரு இடத்தில் ஒரு சிறுமி வளர்வதை அவர் அவசரப்படாமல் சொல்கிறார். சாகசத்துக்காகப் பக்கம் புரட்டும் பிள்ளைகள் புத்தகத்தை மூடுவது இங்கேதான். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். அந்தச் சலிப்பு நமக்குப் பிடிபட்டால்தான், பின்னால் அந்தப் பெண் அங்கிருந்து கிளம்ப ஏன் அவ்வளவு தயங்குகிறாள் என்பது பிடிபடும்.

அந்தப் பாலைவனம் முழுக்கக் கற்பனையும் அல்ல. லெ குவின் வாழ்ந்தது ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லேண்ட் நகரத்தில். மழையும் பசுமையுமான ஊர். அதே மாநிலத்தின் கிழக்குப் பகுதி வறண்ட மேட்டுநிலம். அங்கே போய்வந்த ஒரு சிறு பயணத்தில்தான் அட்டுவானின் நிலம் தனக்குக் கிடைத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். முதல் பாகம் முழுக்கக் கடலும் படகும் என்றால், இரண்டாம் பாகம் மண்ணும் கல்லும். கடலையே பார்த்திராத பெண்ணின் கதை.

குன்றுக்கு அடியில் ஒரு பெரிய குகை இருக்கிறது. அதைத் தாண்டினால் பல வழிகள் பிரியும் சிக்கலான சுரங்கப்பாதைகள். குகையில் வெளிச்சம் கூடாது என்பது கடுமையான விதி. ஆகவே ஆர்ஹா அந்த இடத்தைக் கையால் கற்கிறாள். சுவரைத் தடவிக்கொண்டே நடந்து, இடப்பக்கம் எத்தனை திறப்பு கடந்தோம், வலப்பக்கம் எத்தனை என்று எண்ணி மனப்பாடம் செய்கிறாள். உள்ளே இருக்கும் பொக்கிஷ அறைக்குப் போக அவளுக்கு மட்டும்தான் உரிமை. அங்கே போகும் வழியை அவளுக்குச் சொல்லித்தருவது தார் என்ற வயதான பூசாரிணி. தார் அந்த வழியில் ஒரு நாளும் நடந்ததில்லை. கேட்டுக் காத்து வைத்திருந்ததை அப்படியே ஒப்பிக்கிறாள். ஆர்ஹா திரும்ப ஒப்பித்து ஏற்றுக்கொள்கிறாள். எனக்கு இந்த நாவலில் மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று. நடக்க அனுமதியில்லாத பாதையைத் தலைமுறை தலைமுறையாக வாய்வழியாகக் கடத்தி வரும் பெண்கள். அந்த மதம் கொடூரமானது என்பதைக் கதை ஒளிக்கவில்லை. அதே சமயம் அதற்குள் வாழ்கிறவர்களின் உழைப்பையும் பொறுப்பையும் அது சின்னதாக்கவுமில்லை.

கொடூரத்துக்கு வருவோம். ஆர்ஹா பதின்வயதில் இருக்கும்போது, தேவராஜன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் அரசன் தனக்கு எதிராகச் சதி செய்த மூன்று பேரை அங்கே பலி கொடுக்க அனுப்பி வைக்கிறான். எப்படிச் சாக வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியவள் அவள். சோறு தண்ணீர் இல்லாமல் இருட்டில் விட்டுவிடச் சொல்கிறாள். பக்கத்தில் கோசில் என்ற பூசாரிணி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். இது பிள்ளைகள் படிக்கும் புத்தகம், ஞாபகம் இருக்கட்டும். கதாநாயகி மூன்று பேரைக் கொல்கிறாள், நாம் அவள் பக்கம் நிற்கிறோம். அதற்குப் பிறகு அவளுக்கு உடம்புக்கு முடியாமல் போகிறது, கனவுகள் வருகின்றன. பெரிய பெரிய அண்டாக்களில் கூழ் காய்ச்சி, அத்தனையும் தரையிலிருக்கும் ஒரு குழியில் கொட்ட வேண்டியிருக்கிறது. நிறையத் தண்ணீர் வைத்த பித்தளைப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு இருட்டில் தாகத்தோடு இருக்கும் ஒருவரிடம் போக வேண்டியிருக்கிறது. போய்ச் சேரவே முடிவதில்லை. அவளுக்கு இது தப்பு என்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அங்கே அப்படிச் சொல்ல யாருமில்லை. கனவு மட்டும்தான் சொல்கிறது. அறிவுரையாக ஒரு வரிகூட எழுதாமல் ஒரு குழந்தையின் மனசாட்சி விழிப்பதை இந்த அளவுக்குக் காட்டிய பக்கங்கள் சிறார் இலக்கியத்தில் அதிகம் இல்லை.

இதற்கும் பிறகுதான் கெட் வருகிறான். புத்தகம் பாதியை நெருங்கும் நேரத்தில். வரும் விதத்தைப் பாருங்கள். வெளிச்சமே கூடாத குகைக்குள் ஆர்ஹா போகிறாள். தூரத்தில் மங்கலாக ஒரு ஒளி தெரிகிறது. யாரோ கைத்தடியின் நுனியில் விளக்கேற்றிக்கொண்டு நிற்கிறார்கள். அந்த வெளிச்சத்தில்தான், இத்தனை வருடம் கையால் மட்டுமே அறிந்திருந்த தன் குகையை அவள் முதல் தடவையாகக் கண்ணால் பார்க்கிறாள். சுவரெல்லாம் படிகக் கற்கள், மின்னுகின்றன. அவள் ஆண்டுகொண்டிருந்த இடம் இவ்வளவு அழகானது என்பதே அத்துமீறி நுழைந்த ஒரு திருடனின் விளக்கால்தான் அவளுக்குத் தெரியவருகிறது. அவளுக்கு வருவது நன்றியல்ல, கோபம். இரும்புக் கதவைச் சாத்தி அவனை உள்ளேயே அடைத்துவிடுகிறாள்.

முதல் பாகத்தைப் படித்திருந்தால்தான் இந்த இடம் முழுதாக வேலை செய்யும். அவன் கெட் என்று அவளுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும், முகத்தில் இருக்கும் தழும்பு எப்படி வந்தது என்றும் தெரியும். அவன் நல்லவன் என்று கத்தத் தோன்றுகிறது. ஆனால் இத்தனை பக்கம் அவளோடு இருட்டில் நடந்திருக்கிறோமே, அவளுடைய கோபமும் நமக்கு நியாயமாகப் படுகிறது. புனிதமான இடத்துக்குள் செருப்புக் காலோடு வந்து நிற்கிறான் ஒரு அந்நியன், அதுவும் திருட. இரண்டு பக்கமும் நாமே நிற்கிறோம். மேலே இருக்கும் ஓட்டைகள் வழியாக அவன் தாகத்தில் வாடுவதை அவள் எட்டி எட்டிப் பார்க்கும்போது, பழைய பித்தளைப் பாத்திரக் கனவு நமக்கு ஞாபகம் வராமல் இருக்காது. இந்தத் தடவை அவள் நிஜமாகவே தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிறாள்.

அவன் திருட வந்தது ஒரு உடைந்த கைவளையத்தின் பாதி. எர்ரெத்-ஆக்பே என்ற பழைய வீரனுடையது. அது உடைந்தபோது அதிலிருந்த ஒரு எழுத்தும் பிளந்துபோனது, சமாதானத்தின் எழுத்து. மற்றப் பாதி கெட்டிடம் இருக்கிறது. எப்படிக் கிடைத்தது? முதல் பாகத்தில், நிழலைத் துரத்திக்கொண்டு போகையில் படகு உடைந்து ஒரு மணல் திட்டில் ஒதுங்குகிறான். அங்கே ஒரு கிழவனும் கிழவியும், வெளியுலகமே தெரியாமல். போகும்போது அந்தக் கிழவி ஒரு உடைந்த உலோகத் துண்டை அவன் கையில் வைக்கிறாள். முதல் பாகத்தில் அது ஒரு சின்னக் கிளைக்காட்சி. படித்துவிட்டு மறந்துவிடுவோம். அவர்கள் சின்ன வயதில் அந்தத் தீவில் தூக்கி எறியப்பட்ட கார்க் அரச குடும்பத்துப் பிள்ளைகள் என்பதும், அந்தத் துண்டுதான் உலகம் தேடிக்கொண்டிருந்த பொருள் என்பதும் இரண்டாம் பாகத்தில்தான் தெளிவாகிறது.

கடைசியில் இருவருமாகத் தப்பிக்கிறார்கள். கெட் அவளுடைய பழைய பேரைத் திருப்பிக் கொடுக்கிறான்: டெனார். வளையம் ஒன்று சேர்கிறது, சுரங்கம் இடிந்து விழுகிறது. இங்கே முடித்திருந்தால் வழக்கமான சாகசக் கதை. லெ குவின் அதற்கு மேலும் இரண்டு அத்தியாயம் எழுதுகிறார், அவை எனக்கு முக்கியமாகப் படுகின்றன. தப்பித்தவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. தப்பிக்கும் வழியில் மானான் செத்துப்போனான், அது அவள் மனசில் கிடக்கிறது. அந்த மூன்று கைதிகளும் கிடக்கிறார்கள். கடற்கரையில் கெட் உட்கார்ந்திருக்கும்போது கத்தியோடு அவன் பக்கத்தில் போய் நிற்கிறாள். அவளைக் காப்பாற்றியவனையே கொன்றுவிடலாமா என்று நினைக்கும் அளவுக்கு விடுதலை அவளுக்குப் பயத்தைத் தருகிறது. பிறகு அழுகிறாள், வெகுநேரம் அழுகிறாள். சின்ன வயதிலிருந்து ஒரே சுவருக்குள் வளர்க்கப்பட்ட ஒரு பெண்ணை வெளியே கூட்டிவந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பிள்ளைகளிடம்கூடப் பொய் சொல்ல லெ குவினுக்கு மனம் வரவில்லை. அந்த நேர்மைக்காகவே இந்தப் புத்தகத்தை நான் சிபாரிசு செய்கிறேன். 1972-இல் இதற்கு நியூபெரி கௌரவ விருது கிடைத்தது. நடுப் பாகத்துக்கு அப்படி ஒரு அங்கீகாரம் எளிதில் வருவதில்லை.

இதன்மேல் ஒரு விமர்சனமும் உண்டு, நியாயமான விமர்சனம். பெண்ணைக் கதாநாயகியாக்கிவிட்டு, அவளை மீட்க ஒரு ஆண்தான் வர வேண்டுமா? பிற்காலத்தில் லெ குவினே இதைப் பற்றித் திரும்பத் திரும்ப யோசித்து எழுதினார். ஒருவர் இல்லாமல் மற்றவர் அங்கிருந்து வெளியே வந்திருக்கவே முடியாது என்பது அவருடைய பதிலின் சாரம். கதையைப் பார்த்தால் அது உண்மைதான். தண்ணீர் கொடுத்தவளும் வழி தெரிந்தவளும் அவள். ஆனாலும் அந்தக் கேள்வி அவரை விடவில்லை.

வேறு எழுத்தாளர்களும் நடுப் பாகத்தை இப்படிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பிலிப் புல்மேனின் 'ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்' தொடரில் நடுப் புத்தகம் 'தி சட்டில் நைஃப்', 1997. முதல் பாகம் முடியும்போது லைரா என்ற சிறுமி வேறொரு உலகத்துக்குள் நடந்து போகிறாள். பக்கத்தைத் திருப்பினால் லைரா இல்லை. நம்முடைய சாதாரண இங்கிலாந்தில், உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வில் என்ற பையன். கொஞ்ச நேரம் கழித்து அவன் கண் வழியாகத்தான் லைராவைப் பார்க்கிறோம். கரடிகளையே ஏமாற்றிய தைரியசாலிக்கு ஒரு ஆம்லெட் போடத் தெரியாது என்பது அப்போதுதான் நமக்குத் தெரிகிறது. ஹாரி பாட்டர் வரிசையில் மூன்றாவதான 'ப்ரிஸனர் ஆஃப் அஸ்கபான்', 1999. அதில் தொடரின் வில்லன் வோல்டமோர்ட் நேரில் வருவதே இல்லை. நாம் கொலைகாரன் என்று நம்பியவனைப் பற்றிய நம்பிக்கைதான் அதில் புரட்டிப் போடப்படுகிறது.

லாய்ட் அலெக்சாண்டர் எழுதிய ப்ரிடைன் தொடர் தமிழ் வாசகர்களுக்கு அவ்வளவு பழக்கமில்லை. 1964 முதல் 1968 வரை ஐந்து புத்தகங்கள். நாலாவது 'டேரன் வாண்டரர்' முதலில் திட்டத்திலேயே இல்லை. கடைசிப் புத்தகத்துக்கு முன்னால் ஏதோ ஒன்று குறைகிறது என்று அவருடைய எடிட்டர் ஆன் டுரல் சொன்ன பிறகு எழுதப்பட்டது. டேரன் பன்றி மேய்க்கும் பையன். தான் யார் பிள்ளை, அரச குலமா என்று தெரிந்துகொள்ளக் கிளம்புகிறான். பெரிய வில்லன், படையெடுப்பு எதுவும் கிடையாது. ஒரு கொல்லரிடம் சேர்ந்து வாள் அடிக்கக் கற்கிறான், ஒரு நெசவுக்காரக் கிழவியிடம் தறியில் உட்கார்ந்து துணி நெய்கிறான், பிறகு ஒரு குயவரிடம் போகிறான். மண்பானை வேலைமேல் அவனுக்கு உயிர். அதைத்தான் ஆயுசு முழுக்கச் செய்ய ஆசைப்படுகிறான். முடியவில்லை. உழைப்பில் குறையில்லை, அந்தக் கை அவனுக்கு வாய்க்கவில்லை, அவ்வளவுதான். எவ்வளவு ஆசைப்பட்டாலும் சிலது வராது என்பதைப் பத்து வயதுக்காரரிடம் நேராகச் சொல்லும் சாகசக் கதை வேறு எது இருக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன், சட்டென்று தோன்றவில்லை. அடுத்த பாகத்தில் அதே கொல்லர்களும் நெசவாளிகளும் குயவர்களும் வாழும் நாட்டிலிருந்து டேரனை நம்பி ஆட்கள் போருக்கு வரும்போது, அவர்கள் ஏன் வருகிறார்கள் என்று நாலாவதைத் தாண்டியவருக்கு விளங்காது.

எர்த்ஸீக்கு வருகிறேன். சேர்ந்த வளையம் என்ன ஆனது? வெகுகாலமாக அரசன் இல்லாதிருந்த எர்த்ஸீக்கு மூன்றாம் பாகத்தில் அரசன் வருகிறான்; அதற்கான வழி நடுப் பாகத்தில் வளையம் சேர்ந்தபோது திறந்தது. அதோடு லெ குவின் நிறுத்தியிருக்கலாம். பதினெட்டு வருடம் கழித்து, 1990-இல், 'தெஹானு' எழுதினார். டெனார் இப்போது நடுத்தர வயதுக்காரி. கோன்ட் தீவில் ஒரு விவசாயியைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகள் பெற்று, விதவையாகி, தீக்காயம் பட்ட ஒரு சிறுமியை வளர்த்துக்கொண்டிருக்கிறாள். கெட் மந்திரசக்தி முழுவதும் இழந்து அவளிடம் வந்து சேர்கிறான். யார் யாரை மீட்பது என்று முன்னால் சொன்ன கேள்விக்கு லெ குவின் கதையாகவே எழுதிய பதில் இது. நடுப் பாகத்தைத் தாண்டி வந்தவருக்கு இந்தப் பெண் யாரோ ஒருத்தி.

அதையும் விடப் பெரிய விஷயம் 2001-இல் வந்த 'தி அதர் விண்ட்' நாவலில் இருக்கிறது. கார்க் மக்கள் செத்தால் மறுபடி பிறப்போம் என்று நம்புகிறவர்கள். மந்திரவாதிகளின் தீவுகளில் இருப்பவர்கள் செத்தால் காற்றும் அசையாத ஒரு வறண்ட நிலத்துக்குப் போகிறார்கள். நடுப் பாகத்தைப் படிக்கும்போது அந்த மறுபிறவி நம்பிக்கை, ஒரு குழந்தையை அம்மாவிடமிருந்து பிடுங்கப் பயன்பட்ட மூடநம்பிக்கையாகத்தான் தெரியும். முப்பது வருடம் கழித்து எழுதிய கடைசி எர்த்ஸீ நாவலில் லெ குவின் அதை மறுபடி எடுக்கிறார். சாவு விஷயத்தில் இயற்கையோடு ஒத்துப்போனவர்கள் கார்க் மக்கள்தான். படித்த மந்திரவாதிகளின் முன்னோர் பேராசையில் செய்த ஒரு தப்பால் உண்டானது அந்த வறண்ட நிலம் என்று வருகிறது. 1971-இல் எதிர்வீட்டுக்குள் போய் உட்கார்ந்த கதை அது. அங்கே பார்த்து வைத்ததிலிருந்துதான் கடைசிக் கதவின் சாவி கிடைத்திருக்கிறது.

ஆகவே வரிசை இது: 1968, 1971, 1972 நாவல்களை அதே ஒழுங்கில் படிக்கக் கொடுங்கள். 'தெஹானு' கொஞ்சம் வளர்ந்த பிறகு. அது பெரியவர்களுக்கான கனமுள்ள புத்தகம். அதற்கப்புறம் 2001-இல் வந்த 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ' சிறுகதைகள், பிறகு 'தி அதர் விண்ட்'. இரண்டாம் பாகத்துக்கு என் கணிப்பில் பதினொன்று, பன்னிரண்டு வயது சரியாக இருக்கும். அதற்கும் சின்னப் பிள்ளையாக இருந்தால், மூன்று கைதிகள் வரும் அத்தியாயத்தை மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து படியுங்கள். கெட் எப்போது வருவான் என்று நடுவில் கேட்டால், வருவான், ஆனால் அதற்குள் நீ டெனாரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.